ஸ்டாம்பர் மலையில் ஒன்றுமில்லை

ஓகி வொர்க்மன் போன மார்ச்சில் இறந்துபோனான். அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இந்த மாவட்டத்தில் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான் நான். ஆனால் இரவல் தராசு ஒன்றை வைத்துத் தொடங்கி, சாலை பிரிகிற இடத்தில் சொந்தக் கடை போட்டு, மருந்துக்கென்று நல்ல விலை போகும் ஜின்செங் கிழங்கை நாற்பத்திரண்டு வருஷம் வாங்கியவன். கிழங்குக்குள் ஆணியைச் செருகி எடை ஏற்றிக்கொண்டு வந்தவர்களை, கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேரில் ஒட்டிய மண்ணை மோந்து பார்த்தால் எந்த மலை, எந்தச் சரிவு என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன், மலைதான் இல்லை.

ஓகி நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு போய் வீட்டோடு வந்தவன். ஸ்டாம்பர் மலைக்கு அடியில், பள்ளத்தாக்கின் கடைசி வீடு அவனுடையது. மலை யாரோ ஊர்ப்பக்கமே வராத முதலாளிகள் பேரில் இருந்தது. வேட்டைக்கும் கிழங்குக்கும் ஏறியவர்கள் நாங்கள்தான். செப்டம்பர் பிறந்தால் ஓகி கொண்டுவரும் கிழங்குக்கு ஈடாக வேறு ஒன்று என் மேஜைக்கு வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு வடு விழும் அதன் கழுத்தில். முப்பது வடு எண்ணியிருக்கிறேன். ஒரு செடியைத் தோண்டினால் அதன் சிவப்புப் பழங்களை அந்தக் குழியிலேயே புதைத்துவிட்டுத்தான் வருவான். மூன்றில் ஒன்றைத்தான் தொடுவான்.

கிழங்கு இருக்கும் இடத்தை எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஓகி அதிலும் ஒரு படி மேல். வடக்கே போகவேண்டியவன் வண்டியைத் தெற்கே ஓட்டி, என் கடையைத் தாண்டி, சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்துவான். ஓடையை இரண்டு தடவை கடப்பான். விழுந்து கிடக்கும் மரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மலையில் கால் வைப்பான்.

அவன் மனைவி ரெவா என் கடைக்கு வந்து சிரிப்பாள். "இந்த மனுஷன் தும்மினாக்கூட எங்கிட்ட சொல்லிட்டுத்தான் தும்மும், டென்சில் அண்ணே. அந்த இடத்த மட்டும் நான் செத்தாலும் சொல்லாது."

பிறகு கம்பெனி வந்தது. சுரங்கம் தோண்டுகிற கம்பெனி இல்லை; மலையின் தலையையே வெடித்து எடுத்து, கல்லையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற கரியை அள்ளுகிற கம்பெனி. அனுமதி கொடுக்கும் முன் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டார்கள். அரசாங்கத்து ஆள் ஒருத்தர், வயது முப்பதுகூட இருக்காது, வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மரியாதையாகத்தான் பேசினார். மேலே யாராவது நட்டு வளர்த்தது எதுவும் இருந்தால் காட்டுங்கள், அந்தச் சரிவை விட்டுவிடச் சொல்லி எழுதலாம் என்றார். மலைக்குப் பக்கத்து வீடு என்பதால் ஓகியைப் பேர் சொல்லிக் கேட்டார்.

ஓகி எழுந்தான். ரெவா அவன் சட்டையை இழுத்தாள். "சொல்லித் தொலைங்க" என்றாள், எனக்கே கேட்டது.

அரங்கில் அறுபது பேர். அதில் பாதிப்பேர் கிழங்கு தோண்டுகிறவர்கள். ஓகி அவர்களைப் பார்த்தான். வரைபடத்தைப் பார்த்தான். தொப்பியைக் கையில் உருட்டினான்.

"அங்க ஒண்ணும் இல்லீங்க. முள்ளும் கல்லுந்தான்" என்றான்.

அந்த ஆள் எழுதிக்கொண்டார்.

எனக்கு அடுத்த நாற்காலியில்தான் அவன் உட்கார்ந்தான். அவன் கிழங்கின் மண்ணை மோந்தே எனக்கு இடம் தெரியும். எழுந்து போய் வரைபடத்தில் விரல் வைத்திருப்பேன். ஆனால் தோண்டியவன் இடத்தைக் காட்டிக்கொடுக்காத வியாபாரி என்று பேர் எடுத்தவன் நான். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன். சொல்லியிருந்தால் சரிவு தப்பியிருக்குமா, தெரியாது. சொல்லவில்லை என்பது தெரியும்.

முதலில் மரங்களை வெட்டிக் கொளுத்தினார்கள். பிறகு தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சங்கு ஊதும், வெடிக்கும், ஓகி வீட்டுச் சுவரில் விரிசல் ஒரு விரல் நீளும். கிணற்றுத் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் வந்தது. பள்ளத்தில் இருந்த மற்ற பதினோரு குடும்பமும் ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் தூசியில் மூச்சு இழுத்துக்கொண்டு ரெவாவும் பக்கத்து மாநிலம் ஒஹாயோவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். ஓகி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் பண்ணுவாள். மலைதான் போய்விட்டதே, இப்போதாவது எந்த இடம் என்று சொல்லுங்கள் என்று ஒரு தடவை கேட்டாளாம். போனில் வேண்டாம், யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றானாம். இதை அவனே என்னிடம் சொன்னான், சிரிக்காமல். அந்தக் குளிர்காலத்தில் ரெவா அங்கேயே இறந்துபோனாள்.

அடுத்த செப்டம்பர் முதல் தேதி, கிழங்குப் பருவம் தொடங்குகிற நாள், ஓகியின் வண்டி என் கடையைத் தாண்டித் தெற்கே போனது. மேலே அப்போது கம்பெனி விதைத்த புல் மட்டும் இருந்தது, மேஜை மாதிரித் தட்டையாக. ஆயுசில் ஒரு தோண்டுகிறவன் பின்னாலும் போகாதவன் நான், அன்றைக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் வண்டி. ஓடையில் ஆரஞ்சு நிறத் தண்ணீர். இரண்டு தடவை கடந்த ஈரத் தடம். அந்த மரத்தில் சின்ன மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டென்சில், உன் தொப்பைக்கு அந்தப் புதர் பத்தாதுடா. வெளிய வா."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வடக்குச் சரிவு, நீட்டுப் பாறைக்குக் கீழ. முப்பது வருஷமா எனக்குத் தெரியும், ஓகி" என்றேன்.

"தெரிஞ்சவன் எதுக்குடா பின்னாடியே வர்ற?"

அவன் மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எழுந்தான்.

"இன்னைக்கு ஏற முடியாது. நீ பாத்துட்ட" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தான்.

அதற்கப்புறம் செப்டம்பர் முதல் தேதி ஆனால், சாலைப் பக்கத்து ஜன்னல் திரையைக் காலையிலேயே இறக்கிவிடுவேன். வண்டிச் சத்தம் கடை முன்னால் கொஞ்சம் நிதானிக்கும், பிறகு போகும். நாலு வருஷம் போனது.

இந்த வருஷம் வர வண்டி இல்லை. அப்படியும் இறக்கியிருந்தேன். மத்தியானம் யாரோ ஒருத்தி வந்து, கடை உண்டா இல்லையா என்று கதவைத் தட்டினாள்.