விருந்தாளிகளோடு மட்டும் குடித்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், ஒரு நாளாவது அவரோடு உட்கார்ந்து குடித்தவர்கள். அதை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையை எழுத என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தார். மில் தொழிலாளியான அப்பா திடீரென இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது; எனக்கு ஏழு. படிப்பை விட்டுவிட்டு அதே மில்லில் சேர்ந்தார். காலை ஷிப்ட் முடிந்ததும், பஞ்சு ஒட்டிய சட்டையோடு சைக்கிளில் வந்து என்னைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போவார். ஒரு நாளும் தாமதித்ததில்லை. என்னை ஆசிரியை ஆக்கியவர் அவர்தான்.

விழுப்புரம், கடலூர்ப் பக்கமிருந்து யார் வந்தாலும் அண்ணன்தான் உபசரிப்பார். புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தனியாக அவர் குடித்ததே இல்லை. ஆனால் விருந்தாளி வராத வாரமும் இல்லை; பின்னாளில் வராத நாளும் இல்லை. தள்ளாடியதில்லை, யாரையும் திட்டியதில்லை. அண்ணி கண்டித்தால், "நாலு பேரோட சிரிச்சிப் பேசிக் குடிக்கிறேன். இதுவா குடி?" என்பார். நாங்களும் நம்பினோம்.

புத்தாயிரம் பிறந்த சில ஆண்டுகளில், ஐம்பத்து மூன்று வயதில், அவர் மாறத் தொடங்கினார். சாப்பிட்ட கையோடு சாப்பாடு கேட்டார். கால்களை அகல வைத்துத் தடுமாறி நடந்தார். வீட்டைவிட்டு நகராத ஒரு நாளில், "காலையில பிள்ளைச்சாவடி போனேன். வஞ்சிரம் நல்லா இருந்துச்சி, வாங்கியாந்துட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார். மீன் இல்லை. அண்ணன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பினார்.

"இத்தன வருஷக் குடி மூளைய பாதிச்சிருக்கும்மா" என்றார் மருத்துவர். "சரியா சாப்பிடாம வைட்டமினும் கொறஞ்சிருக்கு. போன ஞாபகம் பெரும்பாலும் திரும்பாது."

"அவர் குடிகாரர் இல்லீங்களே டாக்டர்" என்றேன்.

"கீழ விழுந்தாத்தான் குடின்னு இல்லம்மா."

மருத்துவமனையில் வைத்துக் குடியை நிறுத்தினார்கள். விருந்தாளிகளும் நின்றுபோனார்கள்.

அதன்பின் மூன்று மணியானால் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் தேடிப் போனபோது, நான் படித்த பள்ளியின் வாசலில் நின்றிருந்தார்.

"வீட்டுக்குப் போலாம்ணே" என்றேன்.

"நீங்க போங்கம்மா. என் தங்கச்சி உள்ள இருக்கா. நான் இல்லன்னா அழுவா."

"நான்தாண்ணே உன் தங்கச்சி."

நரைக்கத் தொடங்கிய என் தலையைப் பார்த்தார். பயந்து ஓரடி பின்வாங்கினார். "அவ சின்னப் பொண்ணும்மா" என்றார்.

வாட்ச்மேன் கேட்டைப் பூட்டும்வரை நானும் பக்கத்தில் நின்றேன். வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அவர் பார்த்தார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. கடைசியில் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தார். அப்போதும் மூன்று மணிக்கு அவர் விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடின. ஒரு மாலையில் அடங்கிவிட்டார்.

அவர் காத்திருக்க நாற்காலி போட்டுக் கொடுத்த வாட்ச்மேன் ஐயாவுக்கும், வழிதவறிய நாள்களில் வீட்டில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரத் தம்பிகளுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் குடிக்க வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குக் கறி வறுத்துக் கொடுத்தவள் நான். அண்ணன் வீட்டில் எப்போதும் கூட்டம் என்று பெருமைப்பட்டேன். "போதும்ணே" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

கருமாதியன்று உங்களில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணன் எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டார். சொன்னேன். இலை போடுவதற்குள் அதையே இன்னும் இரண்டு முறை கேட்டார். கேட்டது அவருக்கு நினைவிருக்காது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதினேன்.