முதல் ஃபேக்ஸ் தன் எண்ணுக்கே

நீங்கள் கடைசியாக எதைச் சோதித்துப் பார்த்த பிறகு நம்பினீர்கள்? யோசித்து வையுங்கள். அதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை.

இருபது வருடங்களாக மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வருகிறவன் நான். பூனை குறுக்கே போனதென்று பாதி வழியில் வீடு திரும்பிய ஒருவரைப் பற்றி மட்டும் நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். பூனைக்கே சலித்திருக்கும்.

என் அண்ணி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர். பதினான்கு வருடமாக மூன்றாம் மாடி அவர் பொறுப்பு. போன மாதம் அங்கே விரல் வைத்து வருகை பதியும் கருவி ஒன்றை மாட்டினார்கள். பிளீச்சிங் பவுடரில் தேய்ந்த அண்ணியின் விரலில் அந்தக் கருவி படிக்க ரேகையே இல்லை. மூன்றாம் மாடித் தரை பளபளத்தது. பதிவேட்டிலோ பதினோரு நாள் ‘வரவில்லை’ என்று ஏறியது. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தரையைக் குனிந்து பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். அதிகாரிகளுக்குக் குனிகிற பழக்கம் இல்லை, மேலதிகாரியின் முன்னால் தவிர.

ஏழு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நேரில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. ஏன் என்று கேட்டால் விதி என்கிறார்கள். மேல்முறையீட்டு அலுவலகமோ ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய தொலைவில் இருக்கிறது.

“நான் எழுதித் தர்றேன் அண்ணி, அவங்க நடுங்கப் போறாங்க” என்று மார்தட்டினேன். தட்டிவிட்டு ஆறு நாள் மனுவின் நடையைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் மாலை நாலு மணிக்கு, கையெழுத்தில் நாலு பக்கத்தோடும் அண்ணியோடும் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

முக்கியமான வரிகள் அதிகாரியின் கண்ணில் அறைய வேண்டும் என்று பச்சை மார்க்கரால் தீட்டியிருந்தேன். என் எழுத்தில் முக்கியமில்லாத வரி உண்டா? பக்கம் முழுக்கப் பச்சை.

கை இரண்டையும் நீட்டினால் சுவர் இடிக்கும் அந்தக் கடையில் ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்டூல். கடைக்கார அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தவர். பழைய ஃபேக்ஸ் மெஷினைத் தூக்கிப் போட்ட அன்றே இவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர் இணையத்தில் ஒரு ஃபேக்ஸ் சேவையில் சேர்ந்து, தனக்கென ஓர் எண் வாங்கி, இந்தக் கடையைத் திறந்தார். இப்போது அவசரமென்றால் அந்தப் பரிசோதனைக் கூடமே இங்கே ஆள் அனுப்புகிறது.

தாள்களை ஸ்கேன் செய்தார். திரையில் பச்சை ஜொலித்தது. பெறுநர் எண்ணைச் சொன்னேன். அவர் வேறு ஏதோ எண்ணைத் தட்டினார்.

“இது யார் நம்பர்?”

“என் நம்பர்தான் சார். எதையும் மொதல்ல எனக்கு அனுப்பிப் பாத்துட்டுதான் வெளிய அனுப்புவேன்.”

“உங்களுக்கு எதுக்கும்மா? மணி நாலே கால்!”

“ரெண்டு நிமிஷம் சார்.”

எனக்குள் இருந்த சொற்பொழிவாளர் விழித்துக்கொண்டார். “படிச்ச நீங்களே இப்படிச் சடங்கு மாதிரி செய்யலாமா? போய்ச் சேர்ந்தா சேர்ந்துச்சுன்னு அதுவே சொல்லுமே! இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா.”

“தம்பி, கொஞ்சம் மூச்சு விடுங்க” என்றார் அண்ணி.

கடைக்கார அம்மா தன் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்த ஃபேக்ஸைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். மேலே ‘வெற்றிகரமாகச் சேர்ந்தது’ என்று இருந்தது. கீழே நாலு பக்கமும் கன்னங்கரேலென்று பட்டை பட்டையாகக் கிடந்தன. பதினோரு தேதிகள், அண்ணியின் பணி எண், எல்லாம் இருட்டில். “மதிப்பிற்குரிய ஐயா” மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“ஃபேக்ஸுக்குக் கறுப்பு, வெள்ளை ரெண்டுதான் சார் தெரியும். பச்சைய அது கறுப்பாக்கிடும்.”

“ஆக, எங்க தம்பி எதெல்லாம் முக்கியம்னு நெனச்சாரோ அதையெல்லாம் அவரே அடிச்சுட்டாரு” என்றார் அண்ணி. “நிர்வாகம்கூட இவ்ளோ சுத்தமா செஞ்சிருக்காது.”

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தக் கடையில் பரிசோதனை செய்தவர் கடைக்கார அம்மா. கேள்வி கேட்காமல் நம்பியவன் நான். ரேகை படிக்கும் கருவியை நம்பிய அதிகாரிக்கும் எனக்கும் அன்று பெரிய வித்தியாசம் இல்லை.

“வாசிங்க சார், நான் டைப் பண்றேன்” என்றார் அவர். வாசித்தேன். “காலங்காலமாக உழைக்கும் மக்களின் முதுகில் ஏறி நின்று...”

“அது வேணாம். தேதி சொல்லுங்க.”

“இது அடித்தளமான வாதம்மா!”

“அடித்தளத்த அப்புறம் போடலாம். தேதி!”

தேதிகளை அண்ணி சொன்னார், மனப்பாடமாக. எந்த நாள் எந்த வார்டு, யார் மேற்பார்வை, எல்லாமே. ஆறு நாள் செதுக்கிய நான் ஒருமுறையாவது அவரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நாலு பக்கம் ஒரே பக்கமானது. அண்ணி கையெழுத்துப் போட்டார். மறுபடியும் முதலில் கடைக்கார அம்மாவின் எண்ணுக்குப் போனது, தெளிவாக வந்தது.

நாலு ஐம்பதுக்கு அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே லைன் பிஸி. சேவை தானாகவே திரும்பத் திரும்ப முயன்றது. அண்ணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். நாலு ஐம்பத்தேழுக்குச் சேர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் கடைக்கார அம்மா போனில் கூப்பிட்டார். “சார், உங்களுக்கு ஃபேக்ஸ் வந்திருக்கு. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க.” அவருடைய மின்னஞ்சலில் பதில் காத்திருந்தது: வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. வேலை செய்ததைக் கண்டவர்கள் சாட்சி சொல்லலாம், கையெழுத்திட்டு எழுதியும் தரலாம்.

உடன் வேலை செய்கிறவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களுடைய விரலும் அந்தக் கருவியில்தான் இருக்கிறது. நான் எதையும் பார்த்தவன் இல்லை. என் ஆவேசத்தைச் சாட்சியாக ஏற்கமாட்டார்கள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். போன மாதம் உங்கள் வீட்டார் யாராவது அந்த மூன்றாம் மாடியில் படுத்திருந்தார்களா? பார்க்கப் போன உங்களை ஒரு பெண் “ஈரமா இருக்கு, ஓரமா நடங்க” என்று அதட்டினாரா? அவர்தான் என் அண்ணி. எந்த நாள், எந்த வார்டு, என்ன பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை மாலைக்குள் அந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், அது போதும்.