மெஷின்காரன் மூன்றாம் முறை வந்தபோது

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவளுக்கு விமர்சனம் படிக்கத் தேவையில்லை. படம் விட்டு வெளியே வருகிறவர்கள் நடக்கிற விதமே போதும். யாரோ செய்த தப்புக்கு வாசலில் நின்று பதில் சொல்கிற வேலையில் நீங்களும் இருந்தால், திருப்பதியில் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை காலை

பாதி மனுஷன், பாதி மெஷின், விண்வெளியில் சண்டை. இந்தப் படத்தின் முதல் இரண்டு பாகத்துக்கும் ரசிகர்கள் எங்கள் தியேட்டர் கேட்டையே உடைத்திருக்கிறார்கள். மூன்றாவதற்கும் பட்டாசு, தப்பட்டை எல்லாம் வந்தன. உள்ளே போனவர்கள் விசிலடித்த சத்தம் வாசல்வரை கேட்டது. பத்தே நிமிஷம். அப்புறம் அமைதி.

படம் விட்டதும் கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோன மாதிரி எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். முகத்தில் வெள்ளி பெயிண்ட் அடித்திருந்த ஒருவர் மட்டும் என் எதிரில் நின்றார். பெயிண்ட் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏம்மா, மெஷின்காரன் பத்து நிமிசத்துல செத்துப் பூடுவான்னு வாசல்லயே ஒரு போர்டு வைக்கக்கூடாதா?"

சந்தன மொட்டைகள்

திங்கட்கிழமை மதியம் ஹாலே காலி. மலையிலிருந்து இறங்கிய ஒரு சேலத்துக் குடும்பம், சாயங்கால ரயில்வரை உட்கார இடம் தேடி உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து டார்ச்சோடு எட்டிப் பார்த்தேன். ஏழு பேரும் தூக்கம். திரையில் ஒரு கிரகம் வெடித்துக்கொண்டிருந்தது. அந்த நீல வெளிச்சம் சந்தனம் பூசிய ஏழு மொட்டைத் தலைகளிலும் விழுந்து, சின்னச் சின்ன நிலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு நானும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரத்தில் அந்தப் படம் எனக்கு அழகாகத் தெரிந்தது அப்போதுதான்.

விளக்கு போட்டதும் குடும்பத்தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல படம்மா, நடுவுல ஒரு தடவகூட முழிப்பு வரல."

படிக்கட்டில் ஓடிய படம்

ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டும் சேகர், எங்கள் ஊரான நகரிக்காரர், வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் மதிய ஆட்டத்துக்கு வந்தார். படம் விட்டதும் படிக்கட்டில் உட்கார்ந்து, குவைத்தில் லாரி ஓட்டும் அண்ணனுக்கு போன் போட்டு, தினம் கொஞ்சமாகக் கதை சொல்வார். முதல் இரண்டு பாகத்தையும் இருவரும் சேர்ந்து பார்த்தவர்களாம்.

செவ்வாய்க்கிழமை காது கொடுத்துக் கேட்டேன். சேகர் சொன்ன படத்தில் மெஷின்காரன் சாகவில்லை. தண்ணீரில்லாத ஒரு கடலுக்குள் தனியாக நடந்து போகிறான். நட்சத்திரங்கள் அவன் கால் உயரத்தில் மிதக்கின்றன. எங்கோ ஒரு வீட்டில் விளக்கு எரிவது அவனுக்கு மட்டும் தெரிகிறது. கையில் கிழித்த டிக்கெட்டுகளோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இதெல்லாம் எந்த சீன்ல வருது சேகர்?" என்றேன், அவர் போனை வைத்ததும்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என்னக்கா பண்றது, ரெண்டு வருசமா அண்ணன் இதுக்குத்தான் காத்துக்கினு கீறான்."

வியாழக்கிழமை

கடைசி நாள். மதிய ஆட்டத்துக்கு சேகர் ஒருவர்தான். ஐந்து பேராவது இல்லாமல் படம் போடக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"கிளைமாக்ஸ் இன்னிக்கிச் சொல்றேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டன் சார். உள்ள குந்திக்கினு இருந்தாத்தான் எனக்குத் தோணும்," என்றார் சேகர்.

மேனேஜர் காலி ஹாலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு கேன்டீன் ஜெயம்மாவையும் வாட்ச்மேனையும் கூப்பிட்டார். நானும் போனேன். எண்ணிப் பார்த்தால் நாலு. ஐந்தாவதாக அவரே வந்து உட்கார்ந்தார். திரையில் என்னென்னவோ வெடித்தது. சேகர் கண்ணை மூடியே இருந்தார்.

வெளியே வந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனுக்குச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம். மெஷின்காரன் அந்த விளக்கு எரிகிற வீட்டுக்கு வந்துவிடுகிறான். இரும்புக் கையால் தட்டினால் கதவு உடைந்துவிடுமோ என்று வாசலிலேயே நிற்கிறான். கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது.

ஜெயம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பிறகு குவைத்திலிருந்து குரல் வந்தது: "டேய், ரூம்காரன் போன்ல அந்தப் படத்த நானு மொத நாளே பாத்துட்டன்டா. உன் படந்தான் நல்லா கீது, இன்னொரு வாட்டி மொதல்லர்ந்து சொல்லு."

மறுநாள் வேறு படம் வந்தது. நன்றாகத்தான் ஓடியது, அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.