பாஞ்சாலை போட்ட பந்தி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஷெட் ஒன்றில் பாஞ்சாலை பிசிறு சீவும் வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் களிமண்ணைக் கத்தியால் வழித்து, ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். பிள்ளையாரும் செட்டியாரும் அவள் கைக்கு வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பக்கத்துப் பெண்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். இவள் வாய் திறக்க மாட்டாள்.

“அந்தப் புள்ளையாருகூட பேசிடுவாரு போலருக்குது, பாஞ்சால பேசமாட்டா” என்று கேலி செய்வார்கள். அதற்கும் ஒரு சிரிப்புதான்.

பேசாததற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயதில் அவளை விற்றுவிட்டார்கள்.

அவள் அப்பனுக்கு ஐந்தும் பெண். ஆண் பிள்ளை வேண்டும் வேண்டும் என்று பெற்றதில் வீடு நிறைந்தது, சோற்றுப் பானை நிறையவில்லை. அந்த நேரம் பார்த்து வந்தான் தரகன் சக்கரபாணி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

“வடக்க நம்ம ஆளுங்க செட்டிலாயிருக்காங்க. சீரு செனத்தி ஒண்ணும் வேணாம். அஞ்சுல ஒண்ணு கொறஞ்சா ஒங்களுக்கும் பாரம் கொறையும்” என்றான்.

இந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்துத் தாம்பூலம் மாற்றாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவன் கூட்டி வந்தவர்கள் வந்ததும் இலையில் உட்கார்ந்தார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் அப்பனோ, “கை நனைச்சிட்டாங்க, இனிமே பேச்சு மாறமாட்டாங்க” என்று குளிர்ந்து போனான். அன்று அவள் கடைசியாக உட்கார்ந்து பாதிச் சோற்றில் இருந்தபோது, சக்கரபாணி தோளைப் பிடித்துத் தூக்கினான். “ரயிலுக்கு நேரமாயிடுச்சு. கைய வழியில கழுவிக்கலாம்.” விரல்களில் அப்படியே காய்ந்துபோன அம்மா வீட்டுச் சோறுதான் அவள் கொண்டுபோன சீர்.

போய்ச் சேர்ந்த ஊரில் பெண் சிசுவை வயிற்றிலேயே அழித்து அழித்து, தெரு முழுக்கக் கல்யாணம் ஆகாத ஆண்கள். இங்கே பெண் பிள்ளை பாரம், அங்கே பெண் பிள்ளை பஞ்சம். நடுவில் சக்கரபாணிக்கு வியாபாரம். புருஷன் ஒருவன் என்றார்கள். அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். அவள் பூரி சுட்டாள், சாணி அள்ளினாள், அடி வாங்கினாள், அவர்கள் பாஷையைக் கற்றாள். காசி யாத்திரை போன தமிழ்நாட்டு பஸ் ஒன்று டயர் மாற்ற ரோட்டோரம் நின்ற நாளில், சாணிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி ஏறிக்கொண்டாள். ஊருக்கு வந்து, “அவரு செத்துட்டாரு” என்று மட்டும் சொன்னாள். தினமும் மனசுக்குள் அவள் கொன்றுகொண்டிருந்தது சக்கரபாணியை.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு முந்தின வாரம், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் இளமதி மெதுவாகக் காதைக் கடித்தாள்.

“அக்கா, எனக்கு மாப்ள பாத்துட்டாங்க. வடக்கயாம். சீரே வேணாம்னுட்டாங்களாம். மாசி மகத்தன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போறாங்க.”

“யாரு பேசி முடிச்சது?”

“சக்கரபாணின்னு ஒரு தரகரு.”

பாஞ்சாலையின் கத்தி பிள்ளையாரின் காதைச் சீவிவிட்டது.

இளமதிக்கும் பதினேழுதான். அவளுக்குக் கீழே நான்கு தங்கைகள். அப்பா பச்சமுத்து கரும்பு வெட்டப் பெண்ணாடம் பக்கம் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அன்று சாயங்காலமே பாஞ்சாலை அவள் அம்மா வீராயியிடம் போய், இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் சொன்னாள்.

வீராயி முகம் சுளித்தாள். “ஒனக்கு வாய்க்கல. அதுக்கு எம்பொண்ணுக்கும் வாய்க்கக் கூடாதா? எந்த ஊருலயோ அதே பேருல ஆயிரம் சக்கரபாணி இருப்பான்.”

பாஞ்சாலை அதற்குமேல் மல்லுக்கட்டவில்லை. “சரிக்கா. அன்னிக்கு சமையல் நான் வந்து பாத்துக்கறேன்” என்றாள். சும்மா வருகிற கையை யார் வேண்டாம் என்பார்கள்?

மறுநாள் மகளிர் ஸ்டேஷனுக்குப் போனாள். எஸ்.ஐ. பூங்கோதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். “நல்ல நாளாத்தான் பாத்திருக்கான். அன்னிக்கு எங்க ஆளுங்க பூரா கோயில்லயும் ஆத்தங்கரையிலயும் இருப்பாங்க. போன் வந்ததும் கௌம்பிடுவேன், ஆனா கூட்டத்துல ஜீப்பு ஊர்ந்துதான் வரும். அதுவரைக்கும் ஆள நழுவ உடாத. முடியுமா?”

“முடியும் மேடம். சோறு போடுறேன்.”

மாசி மகத்தன்று வீராயி வீட்டுக்கு ஆட்டோவில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். சந்தனம் அதேதான். தலை மட்டும் நரைத்திருந்தது. சக்கரபாணி பாஞ்சாலையை நேருக்கு நேர் பார்த்தான். பார்வை தூணைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனது. அவளை அழித்தவனுக்கு அவள் முகம்கூட நினைவில்லை. அவள் காபி கலக்கப் போனாள்.

கூட வந்த இருவரும் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டார்கள். “போன தடவ கூட்டிட்டு வந்தவளவிட இவ தேவல. கீழ இருக்கறவளையும் கேட்டு வையி.” காபி கொடுத்துக்கொண்டிருந்த பாஞ்சாலைக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. கொல்லைப்புறம் போய் பூங்கோதைக்கு போன் போட்டாள்.

“ரயிலுக்கு நேரமாகுது. பொண்ண கெளப்புங்க” என்று எழுந்தான் சக்கரபாணி.

“ரயில்ல வாயில வெக்கறமாதிரி எதுவும் கெடைக்காதுண்ணே. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க” என்றாள் பாஞ்சாலை. எண்ணெயில் பூரி உப்பி எழுந்த வாசனை கூடத்துக்கு வந்தது. அந்தப் பூரியை எப்படிச் சுட வேண்டும் என்று மூன்று பேரிடம் அடிபட்டுக் கற்றவள் அவள். வந்தவர்கள் தரகனைக் கேட்கவே இல்லை. போய் இலை முன் சம்மணம் போட்டார்கள்.

இளமதியின் தாய்மாமன் பழமலை நெற்றியைச் சுருக்கினான். “என்னய்யா இது? தாம்பூலம் மாத்தாம கை நனைக்கறாங்க?”

“வடக்க இருந்து இருந்து பழக்கம் உட்டுப்போச்சு மச்சான்” என்று இளித்தான் சக்கரபாணி. சந்தேகம் வலுக்காமல் இருக்க அவனும் பந்தியில் உட்கார வேண்டியதாயிற்று.

பாஞ்சாலை பரிமாறினாள். பூரி, கிழங்கு, சோறு, சாம்பார், மறுபடியும் பூரி. அந்த இருவரும் ரசித்து, நிதானமாகத் தின்றார்கள். சக்கரபாணி அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்டு எழப் பார்த்தான்.

“இன்னாண்ணே, பந்தியில பாதியில எந்திரிக்கறீங்க? பொண்ணு வூட்ட அசிங்கப்படுத்தவா?” பாஞ்சாலை கேட்டதும் வீட்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்தான். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். அவன் இலையை மூடக் கை நீட்டினான். அவள் அதற்குள் மோர் ஊற்றினாள்.

“போதும்மா!”

“அதெப்படிண்ணே போதும்? எவ்ளோ வருஷமா காத்திருந்து போடுறேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தடவை பார்வை தாண்டிப் போகவில்லை. முகம் வெளுத்தது.

அப்போது வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. அவன் துள்ளி எழுந்து கொல்லைப்பக்கம் பாய்ந்தான். பாஞ்சாலை, “மாமா, உடாதீங்க! பொண்ண விக்க வந்தவன்!” என்று கத்தினாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரியும். பழமலை குறுக்கே விழுந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மற்ற இருவரும் வாயில் பூரியோடு மாட்டினார்கள்.

வீராயி இளமதியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா, கோர்ட்டுல வந்து சொல்லுவியா?” என்று கேட்டார் பூங்கோதை.

“எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வரேன் மேடம். எத்தன தடவ வேணும்னாலும்.”

வாசலில் சக்கரபாணி மோர்ச்சோறு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டினான். “தங்கச்சி, கை கழுவ ஒரு சொம்பு தண்ணி குடும்மா.”

செம்பு அவள் கையில்தான் இருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அதை முருங்கை மரத்தடியில் சாய்த்தாள்.

“நேரமாயிடுச்சுண்ணே. வழியில கழுவிக்கலாம்.”