சித்திரபுரத்தில் பார்த்த புதுப் பிள்ளைப் படங்கள்

பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையைப் பற்றிய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் மழையில்தான் தொடங்கும். குடை காற்றில் மறுபக்கம் மடங்கும். பேருந்து ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். நனைந்த கோட்டும் கோணல் டையுமாகப் பிள்ளை வகுப்பு வாசலில் நிற்கும். பிறகு உணவுக்கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு உட்கார இடம் தேடும். பாதிப் படத்தில் எல்லார் முன்னாலும் ஒரு பெரிய அவமானம். கடைசியில் மேடை. அங்கே அது ஏதாவது கோமாளித்தனம் செய்ய, படம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் முதல் ஆளாகச் சிரிப்பார். அதன்பின் யாரும் அதைப் புதுப் பிள்ளை என்று சொல்வதில்லை.

நானும் மகளும் இந்த வகைப் படங்களை ஒரு மழைக்காலத்தில் வரிசையாகப் பார்த்தோம். ஜூன் கடைசி வாரத்தில் எனக்கு மலைமேல் இருக்கும் சித்திரபுரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. மின்வாரியக் குடியிருப்பில் வீடு. பள்ளி திறந்து எல்லாப் பிள்ளைகளும் அவரவர் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, மகளை அங்கே ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். அதுவரை கீழே சமவெளியில் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் படித்தவள்.

“மத்தியானம் சோறு திங்கறப்ப என்ற பக்கத்துல யாருமே வரலீங்கப்பா” என்றாள் முதல் நாள். அன்று மாலை லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டேன். தட்டோடு நின்ற அந்தப் பையனைப் பார்த்து அவள் சிரித்தாள். அதனால் மறுநாளும் ஒன்று பார்த்தோம்.

ஜூலையில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பெண், இவள் பெஞ்சிலேயே உட்காருபவள். பேச்சு கேலியில்தான் ஆரம்பித்ததாம்.

“ஏட்டி, உங்க ஊர்ல ஆட்டுக்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவீகளா?”

“ஆமாங்க. ஆடும் எங்களைய அப்பிடித்தானுங்க கூப்பிடும்.”

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள். ஆனாலும் மற்றவர்களுக்கு மகள் இன்னும் ‘கீழநாட்டுப் புள்ள’தான். அதை மாற்ற வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றம். ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி தர வேண்டும். படங்களில் பார்த்ததுபோல ஒரு கோமாளி நாடகம் போடுவதென்று மகள் தானே முடிவு செய்தாள்.

நல்லேப்பிள்ளிப் பக்கம் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வயலில் இருக்கிறவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காகக் கலெக்டர் மாவட்டம் முழுவதற்கும் விடுமுறை விடும் நாளில் எங்கள் பக்கம் பல தடவை வெயில் அடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மழையிடம் விடுமுறை கேட்பது அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடும் விளையாட்டு. மகள் அதைத்தான் நாடகமாக்கினாள். ரெயின்கோட் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் தட்டைத் தட்டியபடி அடுப்படியில் ஒத்திகை பார்த்தாள்.

“சாமி மழையே, இன்னும் நாலு வாளி சேத்து ஊத்து! மேட்டுத் தண்ணியெல்லாம் எறங்கி வரோணும்! ஸ்கூலுக்குள்ள நாங்க பாய் விரிச்சுப் படுக்கோணும்! கலெக்டரய்யா, லீவு உடுங்கோவ்!”

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். வீட்டில் இருந்த மூவரும் நல்லேப்பிள்ளிக்காரர்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் போர்வையை விட்டு வெளியே வராமல் கிடந்தாள். திங்களன்று நானே அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியை என்னை வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றார்.

“மொத வரிக்கு ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க சார். மேட்டுத் தண்ணின்னு சொன்னதும் ஒரு சத்தம் இல்ல. பாய் விரிச்சுப் படுக்கணும்னு சொன்னப்ப, பக்கத்துல உக்கார்ற புள்ள எந்திரிச்சு வெளிய போயிருச்சு.”

சில வருடங்களுக்கு முன் ஒரு மழையில், லயத்துக்கு மேலே இருந்த சரிவு இடிந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பெண்ணின் வீடு போயிற்று. தங்கை மண்ணுக்குள்ளிருந்து மறுநாள்தான் கிடைத்தாள்.

“மிச்சப்பட்டவங்களுக்கு இந்த ஸ்கூல்லதான் சார் கேம்ப். இதே வகுப்புல பெஞ்ச ஒதுக்கிப் போட்டுப் பாய்ல கிடந்தாங்க. இப்பவும் மழ வலுத்தா பிள்ளைக பாடத்தக் கவனிக்காது. ஜன்னல் வழியா மேட்டையே பாத்துக்கிட்டு இருக்கும். நான் ஒண்ணும் சொல்றதில்ல.”

அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், மகளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று உணவு இடைவேளையில் மகள் அந்தப் பெண்ணிடம் போயிருக்கிறாள்.

“எனக்குத் தெரியாதுங்க.”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குந்தான் தெரியும். ஆனா உன்னப் பாத்தாலே அதுதாம்ட்டி நெனப்புல வருது. நான் என்ன செய்ய?”

அவள் ஆசிரியையிடம் கேட்டு வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மகள் மட்டும். பையன்கள் வேறு, “ஏலே, கலெக்டரம்மா வாரா, லீவு கேளுங்கலே!” என்று வராந்தாவில் வழிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தேற்ற வேறு வழி தெரியாமல், பார்க்காமல் வைத்திருந்த ஒரு படத்தைப் போட்டேன். முதல் காட்சியில் மழை. ஒரு வாத்தியார் சேற்றில் வழுக்கி விழுந்தார். மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

“இவிங்க ஊர்ல மழைல யாருமே சாவறதில்லீங்களாப்பா?”

படித்த புத்தகங்களை நினைத்துப் பார்த்தேன். அந்த ஊர் மழை தலையை நனைக்கும், மூக்கை ஒழுகவைக்கும்; நான் படித்தவற்றில் அதற்கு மேல் எதுவும் செய்ததாக நினைவில்லை.

ஓண விடுமுறைக்கு முன் நடக்கும் பரீட்சை முடிந்ததும், மாமன் வீட்டில் தங்கிப் பழைய பள்ளியிலேயே படிக்கிறேன் என்றாள். மனைவி ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டுச் சம்மதித்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனபோது மழை கனத்திருந்தது. ஏழாம் வகுப்பைத் தாண்டி நடந்தேன். பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். அவர்களில் அந்தச் சிநேகிதி யார் என்று எனக்குத் தெரியவில்லை.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று மாலை மகள் போன் செய்தாள்.

“என்ற எடத்துல வேற புள்ள உக்காந்திருக்குதுங்கப்பா. டீச்சர் என்னையக் கடைசி பெஞ்சுக்குப் போகச் சொல்லீட்டாங்க.”

“பழைய புள்ளைக பேசுனாங்களா சாமி?”

“பேசுனாங்க. மலைல மழை சூப்பரா இருக்குமாமா, நெறைய லீவு உடுவாங்களாமான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“கேட்டுப்போட்டு அவிங்க சிரிச்சாங்க. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டனுங்க.”