பத்தாவது ஆள்

றேமன்ட் அண்ணையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சுவிசின் லுசேர்ணில் ஒரே ஹோட்டல் குசினியில் பன்னிரண்டு வருசம் சேர்ந்து வெந்தவர்கள் நாங்கள்.

2009இல் மன்னாரிலிருந்து வந்த புதிதில் அவர் அங்கே கோப்பை கழுவினார். கூட வேலை செய்த ஓர் ஆஸ்திரேலியச் சமையற்காரன்தான் அவரைத் தன் நாட்டு ஃபுட்பால் ஆடக் கூட்டிப்போனான். முட்டை வடிவப் பந்து. கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், அடுத்தவன் தோளில் ஏறியும் பாயலாம்.

"இது விளையாட்டோ, அடிபாடோ?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான், குகநாதன்."

பத்து வருசம் ஆடினார். முழங்கால் போனதும் அதே கழகத்துக்குப் பயிற்சியாளரானார்; தண்ணீர்ப் போத்தல் தூக்க என்னையும் சேர்த்துக்கொண்டார். ஒரேயொரு கிண்ணமாவது தூக்கவேணும் என்பதுதான் அவருடைய ஆசை. அதுவோ கிட்டவும் வரவில்லை.

2022இல் ஒருவழியாக இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரணி பாசல். ஐந்து நிமிடம் இருக்க, நாங்கள் நான்கு புள்ளி முன்னுக்கு. அந்த அவசரத்தில், களைத்துப்போன எங்கள் தமிழ்ப் பெடியன் றொபின்சன் வெளியே வருமுன் ஆருஷை உள்ளே விட்டுவிட்டார் அண்ணை. ஒன்பது பேர் நிற்கவேண்டிய இடத்தில் பத்துப் பேர்!

எங்கள் லீக்கில் ஒரு பொல்லாத விதி. எதிரணித் தலைவன் தலை எண்ணச் சொல்லலாம். ஓர் ஆள் கூடினால், அதுவரை எடுத்த புள்ளி அத்தனையும் பூச்சியம்.

சுவிசில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். மற்றவனுக்கு விளங்கக்கூடாததை, பஸ்ஸென்ன, வேலையிடமென்ன, தமிழில் சத்தமாகவே சொல்லிவிடுவோம்.

"றொபின்சன்! பத்துப் பேர் நிக்கிறியள்! ஒருத்தருக்கும் தெரியாமல் வெளியில வா!" என்று அண்ணையும் மைதானமே கேட்கக் கத்தினார்.

பாசல் அணியில் சயன் என்றொரு தமிழ்ப் பெடியன். இங்கே பேர்ணில் பிறந்தவன். அவன் தன் தலைவனிடம் ஓடினான். றொபின்சன் எல்லைக்கோட்டுக்கு வருமுன் நடுவர் விசில் ஊதி, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எண்ணினார். எங்கள் ஐம்பத்திரண்டு புள்ளியும் காற்றோடு போயின.

ஆட்டம் முடிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயெல்லாம் ஒரு தமிழனோடா?" என்று சயனைப் பிடித்தேன்.

"அவனை ஏன் ஏசுறாய்?" என்று அண்ணை என் கையைத் தட்டிவிட்டார். "ஒளிக்கப் பாத்தது நானெல்லோ." பிறகு சயனைப் பார்த்து, "தம்பி, நீ போ" என்றார்.

எங்கள் பெடியன்களில் பாதிப்பேர் சுவிஸ்காரர். அவர் கத்தியது அவர்களுக்கு விளங்கவில்லை. ஏதோ எண்ணிக்கை பிசகிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். பேசாமல் விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். மனிசன் எல்லாரையும் கூப்பிட்டு, தான் கத்தியதை ஜேர்மனில் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னார். எங்கள் அணித் தலைவன் மார்க்கோ கை கொடுக்காமலே போனான். எனக்கு அழுகை வந்தது.

மார்கழியில் கழகக் கூட்டம். அடுத்த பயிற்சியாளர் யார் என்று கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். றேமன்டின் பேரை முன்மொழிந்தவன் மார்க்கோ. மூன்று கைகள் மட்டும்தான் உயரவில்லை. அதில் ஒன்று அண்ணையினுடையது.