கொட்டகையில் கதை சொன்ன கோதண்டபாணி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணியின் குரலை அறியாதவர்கள் கிடையாது. பகலில் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவர். சித்திரையில் பாரதக் கூத்து நடந்தால் கட்டியங்காரன் வேஷம் அவருக்குத்தான். குரல் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஊமைப்படக் கொட்டகை போட்ட முதலாளி நேரே அவரைத் தேடி வந்தார். படத்தில் யாரும் பேசமாட்டார்கள். நடுநடுவே வரும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக் கதை சொல்ல வேண்டும். ராஜாவுக்கு ஒரு குரல், ராணிக்கு ஒரு மெல்லிய குரல், குதிரை கனைத்தால் அதுவும் அவரே.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒரு வைகாசியில், கருடசேவைக் கூட்டம் ஊரில் இருக்கும்போதே, புதுப்படம் ஒன்று வந்தது. சின்ன ராணி ராஜாவுக்கு விஷம் வைத்துவிட்டுத் தளபதியோடு ஓடிப்போகிற கதை. சின்ன ராணி திரையில் வந்தாள். படிக்கட்டில் இறங்கி நின்று, பேசுவதற்கு முன்னால் கீழுதட்டை ஒருதரம் கடித்துக்கொண்டாள்.

கோதண்டபாணிக்கு வாய் எழவில்லை. நோட்டீசில் வேறு ஏதோ பெயர் போட்டிருந்தது. ஆனால் அப்படி உதட்டைக் கடிப்பவள் ஒருத்திதான், பூவம்மாள்.

பூவம்மாள் அவருடைய அத்தை கங்கையம்மாளின் மகள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கென்று பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம். ஐப்பசியில் வந்திருந்த நாடகக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய அன்றே அவளைக் காணோம். "எம்பொண்ணை மயக்கி இழுத்துக்கினு பூட்டாங்கப்பா" என்று அத்தை அழுதாள். கோதண்டபாணியும் அதையே நம்பினார். வேலூர், சேலம் என்று கம்பெனி போன ஊருக்கெல்லாம் கார்டு எழுதினார். நேரிலும் சேலம்வரை போய்த் தேடினார். கம்பெனிக்காரர்கள் தெரியாது என்று கையை விரித்தார்கள். ஐந்து வருஷம் காத்திருந்துவிட்டுத் தில்லையம்மாளைக் கட்டிக்கொண்டார்.

"யோவ் பாணி, தூங்கிட்டியா? கதையைச் சொல்லுய்யா!" என்று தரை டிக்கெட்டிலிருந்து கத்தினார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். படித்து வைத்திருந்த கதை வரவில்லை, வேறொன்று வந்தது. "ஜனங்களே, விஷம் கலந்தவன் தளபதி! இந்தப் பேதைக்கு ஒன்றும் தெரியாது! ஐயோ, வலுக்கட்டாயமாகத் தேரில் ஏற்றுகிறானே!" திரையில் அவள் சிரித்துக்கொண்டுதான் ஏறினாள். "துக்கம் தாளாமல் சிரிக்கிறாள்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஒரு வாரம் ஓட வேண்டிய படம் மூன்று வாரம் ஓடியது. திருப்பருத்திக்குன்றத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

நான்காம் நாள் தில்லையம்மாளும் பார்த்தாள். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "அது உங்க பூவம்மாதானே?"

"ஆமா."

"அதானே பாத்தேன். ராஜாவைக் கொன்னவளுக்கு இம்மாம் பரிஞ்சிக்கினு பேசறீங்களேன்னு."

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஜட்கா வண்டி நின்றது. பூவம்மாள் இறங்கினாள். வெள்ளை நூல்சேலை, காதோரம் நரை. தில்லையம்மாள் பாய் விரித்து மோர் கொடுத்தாள்.

"காஞ்சிவரத்துல மட்டும் படம் ஏன் இப்டி ஓடுதுன்னு பட்டணத்துல பேசிக்கினாங்க. நேத்து முக்காடு போட்டுக்கினு வந்து கேட்டேன்" என்றாள் பூவம்மாள். "கதையை மாத்திட்டீங்களே மாமா, ஏன்?"

"எனக்கு அப்டித்தான் பட்டுது."

"என்னை யாரும் இழுத்துக்கினு போகல. கம்பெனிக்காரரு, வேணாம்மா, ஊட்டுக்குப் போன்னுதான் சொன்னாரு. நானேதான் மூட்டை மேல ஏறி உக்காந்துக்கினேன்."

தறிப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். "கார்டு வந்துதா?"

"நாலும் வந்துது. பதில் போட்டா நீங்க வந்துடுவீங்க. வந்து கூப்ட்டா நானும் கிளம்பிடுவேனோன்னு பயம். உங்க மேல ஆசை இல்லாம இல்ல மாமா. மேடை மேல அதைவிட ஜாஸ்தி இருந்துது."

"சேலத்தோட நிறுத்திட்டேனே, இன்னும் ரெண்டு ஊரு தேடியிருக்கலாமேன்னு..."

"சேலத்துல தெரியாதுன்னு சொல்லச் சொன்னதே நான்தான். இன்னும் தேடியிருந்தாலும் ஒளிஞ்சிக்கினுதான் இருந்திருப்பேன்."

தில்லையம்மாள் குறுக்கே பேசினாள். "இதை அன்னைக்கே ஒரு கார்டுல எழுதியிருக்கலாம்மா. பாவம், மனுஷன் எத்தினி வருஷம் மருகினாரு."

"எழுதியிருக்கணும்கா. தப்புதான்."

கோதண்டபாணிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. எங்கோ கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்த ஒரு பெண் இல்லவே இல்லை. பாயில் உட்கார்ந்து மோர் குடிப்பவள் வேறு ஒருத்தி. அதில் ஒரு வருத்தமும், ஊரெல்லாம் தேடாத குற்றம் தன் தலையை விட்டு இறங்கிய ஆறுதலும் சேர்ந்தே இருந்தன.

"இன்னிக்கு ஒரு ஆட்டம் நெஜக் கதையைச் சொல்லுங்க மாமா" என்றாள் பூவம்மாள். "கஷ்டப்பட்டுப் பொல்லாதவளா நடிச்சிருக்கேன். நீங்க எல்லாரையும் அழ வெச்சா எம் பாடு வீணாப் போகுதே."

அன்று சாயங்காலம் உள்ளபடியே சொன்னார். "நேத்து ஒரு கதை, இன்னிக்கு ஒரு கதையா?" என்று கூச்சல் போட்டார்கள். வேர்க்கடலைத் தோல் பறந்து வந்தது. அவர் நிறுத்தவில்லை. ராணி கிண்ணத்தை நீட்டும்போது அவர் கொடுத்த குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கொட்டகை அடங்கியது. "அடிப் பாதகி!" என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சபித்தார்கள். தில்லையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலை ரயிலில் பட்டணம் போனாள்.

நான்கு வருஷம் கழித்துப் பேசும்படம் வந்தது. கதை சொல்ல ஆள் தேவைப்படவில்லை. கோதண்டபாணி முழு நேரமும் தறிக்குத் திரும்பினார். பூவம்மாளுக்குப் பேசும்படத்தில் அம்மா வேஷங்கள் கிடைத்தன. முதல் படம் ஊருக்கு வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சு டிக்கெட் வாங்கிப் போனார்கள். பூவம்மாள் பேசினாள்.

"இவ்ளோ கட்டைக் குரலா அவங்களுக்கு?" என்றாள் தில்லையம்மாள்.

"சின்ன வயசுலேருந்தே அப்டித்தான்" என்றார் கோதண்டபாணி. "நான்தான் மெல்லிசாப் பேசிட்டேன்."